கல்லாவுக்கு இரண்டு சாவி, குழந்தைக்கு?

மார்ச் கடைசி வாரம் வந்தால் போதும், மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் எந்த அபார்ட்மெண்ட் கேட்டைப் பார்த்தாலும் ஒரு நோட்டீஸ் தொங்கும். சம்மர் கேம்ப்! நாலு வயசு முதல் பதினாலு வயசு வரை! வேத கணிதம், செஸ், ஸ்லோகம், ரோபோட்டிக்ஸ், தஞ்சாவூர் ஓவியம், கையெழுத்துப் பயிற்சி, யோகா, அடுப்பில்லாத சமையல்... எல்லாம் பதினைந்தே நாளில். ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதை ரெண்டு வாரத்தில் முடித்து சர்டிஃபிகேட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் :-)

நோட்டீஸில் கட்டணம் இருக்கும், ஏசி வசதி இருக்கும், முதலில் சேரும் இருபது பேருக்குத் தள்ளுபடியும் இருக்கும். ஒரே ஒரு விஷயம் மட்டும் இருக்காது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்?

நான் சொல்கிறேன். பெரும்பாலும் நாம்தான். செமஸ்டர் முடிந்து கையில் ரெண்டு மாசம் லீவும், பர்ஸில் ஐம்பது ரூபாயும் வைத்துக்கொண்டு திரியும் காலேஜ் பசங்களும் பொண்ணுங்களும். பி.காம்., பி.எஸ்சி., இன்ஜினியரிங் என்று வித்தியாசம் இல்லாமல் அந்த ஒரு மாசத்துக்கு நாம் எல்லோரும் 'சார்', 'மிஸ்', 'அண்ணா', 'அக்கா'. நானும் மூணு கோடை இந்த வேலை பார்த்தவன். என் வகுப்பிலேயே இந்த வருஷம் ஏழெட்டு பேர் போகப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் அம்மா அப்பாக்களும் படித்தால் சந்தோஷம்.

சொல்ல வந்தது இதுதான். குழந்தைகளோடு வேலை பார்ப்பதற்கு நல்ல மனசு மட்டும் போதாது. நல்ல மனசு இருக்கிறவர்களும் கட்டுப்பட்டாக வேண்டிய விதிகள் வேண்டும். நம் ஊர் கேம்ப்களில் பெரும்பாலும் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் நடந்தது

2024 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பர்கூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. அங்கே ஆகஸ்ட் 5 முதல் 9 வரை என்.சி.சி. முகாம் என்று ஒன்று நடந்தது. 41 மாணவ மாணவிகள் கலந்துகொண்டார்கள், அதில் 17 பேர் பெண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் முதல் மாடி அரங்கத்தில் தங்கினார்கள், பையன்கள் தரைத் தளத்தில். மேற்பார்வைக்கு என்று ஆசிரியர்கள் யாரும் நியமிக்கப்படவில்லை என்று காவல்துறை சொன்னது. முகாமை நடத்தியவன் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை பாலியல் வன்கொடுமை செய்தான் என்றும், வேறு பல மாணவிகளிடமும் தவறாக நடந்துகொண்டான் என்றும் வழக்கு பதிவானது.

இதில் மூணு விஷயங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

ஒன்று. அது என்.சி.சி. முகாமே கிடையாது. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே இல்லை, தங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என்.சி.சி. தரப்பு பிற்பாடு தெளிவாகச் சொன்னது. அதாவது முகாமுக்கு முன்னால் யாராவது ஒருவர் என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தாலே குட்டு உடைந்திருக்கும். ஒரே ஒரு போன். விசாரணை போகப் போக, இதே கும்பல் வேறு பள்ளிகளிலும் இப்படிப் போலி முகாம் நடத்தியது தெரிய வந்தது. அங்கேயும் யாரும் போன் போடவில்லை என்றுதானே அர்த்தம்?

ரெண்டு. ராத்திரி அந்த இடத்தில் பொறுப்பான இன்னொரு பெரியவர் இல்லை.

மூணு. என்னைத் தூங்க விடாதது இதுதான். பிள்ளைகள் சொன்னார்கள். பள்ளியில் இருந்தவர்களிடமே சொன்னார்கள். பெரிசுபடுத்த வேண்டாம் என்று அவர்களை அடக்கப் பார்த்ததாகத்தான் பள்ளி நிர்வாகத்தின் மீது குற்றச்சாட்டு. கடைசியில் அந்தப் பெண் வீட்டில் சொல்லி, பெற்றோர் மகளிர் காவல் நிலையத்துக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முகாம் நடத்தியவனோடு சேர்த்து பள்ளியின் தாளாளர், முதல்வர், ஆசிரியர்கள் என்று முதல் கட்டத்திலேயே பதினோரு பேர் கைதானார்கள். முக்கிய குற்றவாளி என்று சொல்லப்பட்டவன் எலி மருந்து சாப்பிட்டு, வழக்கு முடிவதற்கு முன்பே ஆகஸ்ட் 23 அன்று சேலம் அரசு மருத்துவமனையில் இறந்துபோனான். அரசு ஐ.ஜி. பவானீஸ்வரி தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழுவும், சமூக நலத்துறைச் செயலர் ஜெயஸ்ரீ முரளிதரன் தலைமையில் இன்னொரு குழுவும் போட்டது.

'அது எங்கேயோ கிருஷ்ணகிரியில், நம்ம லஸ் கார்னரில் அப்படியெல்லாம் நடக்குமா' என்று கேட்பவர்களுக்கு ஒரு ஞாபகப்படுத்தல். 2021 மே மாதம் சென்னையின் பிரபலமான ஒரு பள்ளியின் ஆசிரியர் போக்சோ சட்டத்தில் கைதானார். அதே மாதம் இதே ஊரில் ஒரு தடகளப் பயிற்சியாளரும் கைதானார். ரெண்டிலும், பல வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த பழைய மாணவிகள் பிற்பாடு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

கணக்கு வாத்தியார் புத்தி

நான் காமர்ஸ்காரன். எல்லாவற்றையும் டெபிட் கிரெடிட்டாகத்தான் பார்க்க வரும். எங்களுக்கு ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் முதல் சில பாடங்களிலேயே 'இன்டர்னல் செக்' வந்துவிடும். விஷயம் ரொம்ப எளிசு. ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே ஆள் கையில் கொடுக்காதே. பணம் வாங்குபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் இன்னொருவர். வங்கியில் பணம் இருக்கிற அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று கேஷியரிடம். ரெண்டு பேரும் சேர்ந்து போனால்தான் திறக்கும்.

இதற்காக எந்த கேஷியராவது 'என் மேல் நம்பிக்கை இல்லையா' என்று அழுதுகொண்டு ராஜினாமா செய்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லை. ஏனென்றால் அந்த ரெண்டாவது சாவி அவருக்கும்தான் பாதுகாப்பு. நாளைக்கு ஒரு ஆயிரம் ரூபாய் குறைந்தால் அவர் தலை தனியாக உருளாது.

வங்கி வேண்டாம், கோயிலுக்கே வாருங்கள். உண்டியல் திறந்தால் அதிகாரிகள் முன்னிலையில், பல பேர் வரிசையாக உட்கார்ந்துதான் காசை எண்ணுவார்கள். சாமி காசைக் கூட ஒரு ஆளை நம்பித் தனி அறையில் விட்டுவிடுவதில்லை. ஆனால் அதே மாட வீதியில், இருபது குழந்தைகளை ஒரு ஃபிளாட்டின் உள் அறையில், முந்தின வாரம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பத்தொன்பது வயசுப் பையனிடம் விட்டுவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு, முன் அறையில் உட்கார்ந்து அட்மிஷன் பணத்தை மட்டும் ரெண்டு தடவை எண்ணுகிறோம். நம்மிடம் இன்டர்னல் செக் இல்லாமல் இல்லை. காசுக்கு வைத்திருக்கிறோம்.

நான் மிகைப்படுத்தவில்லை. மூணு கோடையில் மூணு இடம். மூணிலும் நேர்காணல் ஐந்து நிமிஷம். 'இங்கிலீஷ் பேசுவியா, சத்தம் போடாம பசங்கள மேனேஜ் பண்ணுவியா, வண்டி இருக்கா?' அவ்வளவுதான். அடையாள அட்டை நகல் கேட்டது ஒரு இடம், அதுவும் சம்பளம் போட வங்கி விவரத்துக்காக. முன்னால் எங்கே வேலை பார்த்தாய், அங்கே யாரிடம் விசாரிக்கலாம் என்று மூணு இடத்திலும் யாரும் கேட்கவில்லை. ஒரு இடத்தில், 'ஒவ்வொரு ரூமிலும் ரெண்டு பேர் இருக்கிற மாதிரி வைக்கலாமா ஆன்ட்டி' என்று நான் கேட்டேன். நடத்துகிறவர் சிரித்தார். 'என்னப்பா, நாம எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி. மனுஷாளை நம்பணும்' என்றார். நல்லவர்தான். தினமும் எனக்கும் சேர்த்து மோர் கலந்து கொண்டு வருவார். ஆனால் குடும்பம் மாதிரி என்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இல்லை.

ஏன் இல்லை? 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு விதமான பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது குழந்தை நம்பும் இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. ஆக, பயப்பட வேண்டியது இருட்டுச் சந்தில் நிற்கும் முகம் தெரியாத ஆளை மட்டும் இல்லை. பிள்ளைக்குப் பிடித்த அங்கிளையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

'இதெல்லாம் ஸ்கூலுக்குத்தானே, நாங்க சும்மா பதினைந்து நாள் கேம்ப்' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். தப்பு. 2020-ல் வந்த போக்சோ விதிகளில் மூன்றாவது விதியைப் பாருங்கள். பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டு அகாடமி, குழந்தைகளுக்கான வேறு எந்த அமைப்பானாலும் சரி, அவர்களோடு தொடர்ந்து பழகும் ஊழியர்கள் எல்லோருக்கும் காவல்துறை சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் அவ்வப்போது செய்தாக வேண்டும். நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், பாடம் எடுப்பவர், எடுக்காதவர் என்ற பாகுபாடு இல்லை. குழந்தைப் பாதுகாப்பு பற்றி ஊழியர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு நடத்தினாலும், வருஷா வருஷம் பிள்ளைகளைச் சேர்த்து ஆள் வைத்து நடத்துகிறவர் இந்த விதியிலிருந்து எப்படி நழுவ முடியும்? தமிழ்நாடு காவல்துறையிடம் இந்தச் சரிபார்ப்புக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்க முடிகிறது. பாஸ்போர்ட்டுக்கு ஓடுகிற ஓட்டத்தில் கால்வாசி ஓடினால் போதும்.

ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். காவல்துறை சரிபார்ப்பில் ஏற்கெனவே வழக்கு பதிவானவர்தான் சிக்குவார். முதல் தடவை செய்கிறவனும், செய்து மாட்டாதவனும் சுத்தமான சான்றிதழோடு வருவான். அதனால்தான் ரெண்டாவது சாவி.

அடுத்தது, நம் ஒவ்வொருவரையும் நேராகத் தொடுகிற சட்டம். 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு. 18 வயது நிரம்பாத ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, அதைக் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். யார் சொல்ல வேண்டும்? 'எந்த நபரும்'. பகுதி நேரமாக வந்த பத்தொன்பது வயசு அண்ணாவும் அதில் சேர்த்தி. சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழ் இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு எதுவும் பாயாது என்பதையும் அதே 19-வது பிரிவு உறுதி செய்கிறது. 2022 நவம்பரில் மகாராஷ்டிரத்துப் பள்ளி விடுதி ஒன்றைப் பற்றிய வழக்கில், தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றும், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சிதான் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கே மறுபடி ஆடிட்டிங் பேப்பர். கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு, 1896. பரீட்சைக்குத் தவறாமல் வரும், எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆடிட்டர் காவல் நாய், மோப்பம் பிடித்துத் துரத்தும் வேட்டை நாய் இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 19-வது பிரிவும் நம்மிடம் அவ்வளவுதான் கேட்கிறது. துப்பறிய வேண்டாம். அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். குழந்தையை உட்கார வைத்து பத்து தடவை கேள்வி கேட்டு நிஜமா பொய்யா என்று தீர்ப்பு சொல்ல வேண்டாம். அதெல்லாம் வேறு ஆட்களின் வேலை. ஆனால் குரைக்கத்தான் வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண். பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசின் 14417 இருக்கிறது. பக்கத்திலேயே காவல் நிலையம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் குரைக்க வேண்டியவர்கள் பிள்ளைகளை அல்லவா 'ஷ்ஷ்' என்றார்கள்?

சரி, என்னதான் செய்வது?

மூணு கோடையில் நான் பார்த்ததையும், படித்ததையும் வைத்து எழுதுகிறேன். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

முதல் விஷயம், தனியாக இருக்காதே. ஒரு பெரியவர், ஒரு குழந்தை, சாத்திய கதவு, இந்த மூணும் ஒன்று சேரவே கூடாது. ரெண்டு பேர் வைக்க வசதி இல்லாத சின்ன கேம்ப் என்றால் கதவு திறந்தே இருக்கட்டும். ஏசி காற்று போனால் போகட்டும். யாருக்காவது தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கூடத்தில், நாலு பேர் கண் முன்னால் சொல்லிக்கொடுங்கள்.

ரெண்டாவது, தொடுவது. டான்ஸ், கராத்தே, யோகா, நீச்சல், இதிலெல்லாம் கையைக் காலைப் பிடித்துத் திருத்த வேண்டி வரும். அதை மறுக்கவில்லை. முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். அதுவும் போதவில்லை என்றால், 'முழங்கையைக் கொஞ்சம் தூக்கி விடட்டுமா' என்று கேட்டுவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் செய்யுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. தன்னைத் தொடுவதற்கு முன்னால் கேட்கிற பெரியவர்களோடு பழகிய குழந்தைக்கு, கேட்காமல் தொடுகிறவன் உடனே வித்தியாசமாகத் தெரிவான். குட்டிப் பிள்ளை விழுந்து அழுதால் தூக்கலாமா? தாராளமாகத் தூக்குங்கள். கூட்டத்துக்கு நடுவில் வைத்து சமாதானப்படுத்துங்கள். விதி என்ற பேரில் மரக்கட்டையாக நிற்கச் சொல்லவில்லை.

மூணாவது, போன். குழந்தைகளை உங்கள் சொந்த போனில் படம் எடுக்காதீர்கள். எடுத்ததை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். கேம்ப் போன் ஒன்று இருக்கட்டும், பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி அதில் எடுங்கள். பதிமூணு வயசுப் பெண்ணோ பையனோ 'அண்ணா உங்க நம்பர் தாங்க' என்றால், 'அம்மா நம்பரிலிருந்து கேம்ப் குரூப்பில் கேள்' என்று சொல்லுங்கள். தனி மெசேஜ், ராத்திரி மெசேஜ், 'நமக்குள்ள மட்டும்' மெசேஜ், எதுவும் கூடாது. ரகசியம் என்பதே இந்த வேலையில் கூடாத பொருள். ஒரு குழந்தைக்கு மட்டும் சாக்லேட், ஒரு குழந்தைக்கு மட்டும் பைக் ரவுண்டு என்பதும் இதே கணக்குதான். வேட்டையாடுகிறவன் முதலில் செய்வது இதைத்தான், ஒருத்தரைச் 'செல்லம்' ஆக்கித் தனியாகப் பிரிப்பது. நல்ல எண்ணத்தில் செய்கிற நாம், அவன் செய்வதையும் சகஜமாக்கிவிடுகிறோம்.

நாலாவது, கேட். காலையில் எத்தனை பேர் வந்தார்கள், சாயங்காலம் யார் யாரோடு போனார்கள் என்று ஒரு நோட்டு. யார் கூட்டிப்போகலாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்த பட்டியலில் இல்லாதவர், 'நான் சித்தப்பா' என்று வந்தாலும், குழந்தை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாலும், அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சித்தப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஐந்தாவது, உடம்பு. பாதுகாப்பு என்றால் பாலியல் குற்றம் மட்டும் இல்லை. மே மாசக் கத்திரி வெயிலில் பதினொரு மணிக்கு பனகல் பார்க்கிலும் எலியட்ஸ் பீச்சிலும் ஓட விடுகிறார்கள். வெளி விளையாட்டு எல்லாம் காலை ஒன்பதோடு முடிய வேண்டும். யாருக்கு வீசிங், யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யாருக்கு வலிப்பு வரும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் என்றால் இன்னும் பத்து மடங்கு ஜாக்கிரதை. 2012 ஆகஸ்டில் கே.கே. நகரில் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில், வகுப்பு நேரத்திலேயே, நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மூழ்கி இறந்தான். சினிமாவில் மாதிரி கையை ஆட்டிக் கத்திக்கொண்டெல்லாம் யாரும் மூழ்குவதில்லை. சத்தமே இல்லாமல் போய்விடுவார்கள். அதனால் குளத்தில் சொல்லிக்கொடுக்கிறவர் வேறு, கரையில் நின்று தலையை எண்ணுகிறவர் வேறு. எண்ணுகிறவர் கையில் போன் கூடாது. மறுபடி அதே பாடம்தான், பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

கடைசியாக, ஒரு குழந்தை உங்களிடம் ஏதாவது சொன்னால். அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். 'யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள், அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது. 'சொன்னது ரொம்ப நல்லது, உன் மேல தப்பு எதுவும் இல்லை' என்று சொல்லுங்கள். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, தகவல் கொடுங்கள். குழந்தையின் பேரையோ அடையாளத்தையோ நண்பர்கள் வட்டத்தில் பேசாதீர்கள். ஊடகத்தில் வெளியிட்டால் போக்சோ சட்டத்தின்படி அதுவே தனிக் குற்றம்.

எதிர்ப்பாட்டு

இதைச் சொன்னால் நண்பர்கள் ரெண்டு விதமாகச் சண்டைக்கு வருகிறார்கள்.

'மச்சி, அப்போ எங்களையெல்லாம் குற்றவாளி மாதிரி பார்க்கச் சொல்றியா? ஆம்பளைப் பசங்கன்னாலே சந்தேகமா?' இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்று என்பதே இதற்காகத்தான். ஆள் பார்த்துச் சந்தேகப்பட்டால்தான் அவமானம். எல்லோரும் ஒரே மாதிரி கதவைத் திறந்து வைத்தால் யாருக்கும் அவமானம் இல்லை. விதி இல்லாத இடத்தில்தான், யாரோ ஒரு அம்மாவுக்கு ஒரு நாள் மனசில் ஏதோ தோன்றி, ஒன்றும் செய்யாத ஒரு பையன் பேர் கெடும். அப்போது அவனுக்குச் சாட்சி சொல்லக் கூட அந்த அறையில் ஆள் இருக்காது.

இன்னொரு கட்சி, 'புகார் அது இதுன்னு போனா கேம்ப் பேர் கெட்டுடும், உள்ளுக்குள்ளயே பேசி அந்த ஆளை அனுப்பிடலாம்' என்கிறது. அமெரிக்காவில் பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு இதைத்தான் செய்தது. தப்பாக நடந்த தலைவர்கள் பற்றி பல பத்தாண்டுகள் ரகசியமாக ஃபைல் வைத்திருந்தார்கள். 2012-ல் நீதிமன்ற உத்தரவால் அதில் ஒரு பகுதி வெளியே வந்தபோது, எத்தனையோ விஷயங்கள் போலீஸுக்குப் போகாமலே முடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. 2020 பிப்ரவரியில் அந்த அமைப்பு திவால் மனு கொடுத்தது. இழப்பீடு கேட்டு வந்தவர்கள் 82,000 பேருக்கு மேல். உள்ளுக்குள்ளேயே அனுப்பிவிட்டால் அந்த ஆள் எங்கே போவான் என்று நினைக்கிறீர்கள்? தி.நகரில் அனுப்பினால் அடையாறில் சேருவான். அங்கேயும் நேர்காணல் ஐந்து நிமிஷம்தான்.

பெற்றோருக்கு ரொம்ப சொல்ல மாட்டேன். நோட்டீஸைப் பார்த்து ஏசி இருக்கா, ஸ்நாக்ஸ் என்ன என்று கேட்கிறீர்கள். கூடவே நாலு கேள்வி கேளுங்கள். ஸ்டாஃப் பற்றி எங்கே விசாரித்தீர்கள்? ஒரு அறையில் எத்தனை பெரியவர்கள்? சொல்லாமல் நடுவில் வந்து பார்க்கலாமா? ஏதாவது பிரச்னை என்றால் குழந்தை யாரிடம் சொல்ல வேண்டும்? முகம் சுளிக்கிற இடத்தில் சேர்க்காதீர்கள். பத்து அம்மாக்கள் கேட்டால் அடுத்த வருஷ நோட்டீஸில் அதுவும் ஒரு வரியாக அச்சாகும். தள்ளுபடிக்குப் பக்கத்திலேயே போடட்டும்.

என் வகுப்பு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் நீங்கள் சேரப் போகும் இடத்தில் எந்த விதியும் இல்லாமல் இருக்கலாம். விதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் நாள் உள்ளே போனதும் கதவை நீங்களே திறந்து வையுங்கள். பக்கத்து அறை மிஸ்ஸிடம் 'நான் உங்க கிளாஸை எட்டிப் பார்க்கிறேன், நீங்க என் கிளாஸை எட்டிப் பாருங்க' என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலையும் சாயங்காலமும் தலையை எண்ணுங்கள். 1098-ஐ போனில் சேமித்து வையுங்கள். காசு செலவே இல்லை. சம்பளம் பேசும்போதே, 'ரூமுக்கு ரெண்டு பேர் உண்டா சார்?' என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே அந்த இடத்தில் வேலைக்குச் சேரலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.